வண்ணம் தீட்டித் தைக்கும் துணி ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம் காடியில் வந்தால் சுங்கை சிப்பூட். சுற்றிலும் தோட்டங்கள், நடுவில் ஒரு சின்னப் பட்டணம். அங்கே நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையின் உள்சுவரில் நான்கடி அகலம் மூன்றடி உயரத்தில் ஒரு துணி தொங்குகிறது. நான் பிறந்த லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), விடியாத நேரத்துப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது), நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள், இவ்வளவுதான் படம். கொஞ்சம் வண்ணம் தீட்டியது, கொஞ்சம் மெஷினில் தைத்தது, கொஞ்சம் கையால் தைத்தது, இடையிடையே அம்மாவின் வேலைக்காட்டுச் சட்டைத் துண்டு, ரப்பர் இலையின் நரம்பு, பழைய சம்பளச் சீட்டின் நகல். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருபவர்கள் அதன் முன்னால் நின்று கேட்கிற கேள்விகளையும், சனிக்கிழமை மாலையில் என்னோடு உட்கார்ந்து தைப்பவர்கள் கேட்பதையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

அக்கா, இது போர்வையா, படமா?

இரண்டும்தான். மேலே ஒரு துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி, இந்த மூன்றையும் ஊடுருவித் தையல் ஓடியிருந்தால் அது குயில்ட். போர்த்திக்கொள்ளாமல் சுவரில் மாட்டிப் பார்ப்பதற்கென்றே செய்தால் துணி ஓவியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இது புதிதாக முளைத்த கலை ஒன்றுமில்லை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி வைத்துத் தைத்த இரண்டு போர்வைகள் இன்று வாஷிங்டனிலும் பாஸ்டனிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நியூயார்க்கைச் சேர்ந்த ஃபெய்த் ரிங்கோல்ட் 1980களில் கான்வாஸில் அக்ரிலிக்கால் ஓவியம் தீட்டி, சுற்றிலும் துணித்துண்டுகளை இணைத்து, கதையையும் அந்தத் துணியிலேயே எழுதித் தைத்தார். அவருடைய அம்மா தையல் தொழில் செய்தவர். 1980இல் முதல் குயில்டை அம்மாவும் மகளும் சேர்ந்தே செய்தார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

நம் ஆட்களிடம் இப்படி ஏதாவது இருந்ததா?

நிறைய. சோழமண்டலக் கரையில் கையால் சாயம் தீட்டிய பருத்தித் துணி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது, அங்கே அதைப் பஞ்சு வைத்துத் தைத்துப் படுக்கை விரிப்பாக்கினார்கள். தென்னிந்தியத் துணி அதற்கும் முன்பே இந்த மலாய்த் தீவுகளுக்கு வந்து மிளகுக்கும் கிராம்புக்கும் கைமாறியது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் துணிகளுக்கான கலம்காரி வேலை வழிவழியாக வந்தது. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி வைத்து ஓட்டுத் தையலால் காந்தா செய்கிறார்கள். நம் பாட்டிகள் பழைய சேலையும் கைலியும் சேர்த்துத் தைத்த ஒட்டுப் போர்வையும் இதே குடும்பம்தான், அதற்கு யாரும் கலை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

கலம்காரியிலிருந்து ஒரு பாடத்தை நான் எடுத்துக்கொண்டேன். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவாமல் பிடிக்கும், கடுக்காய் அதை இழைக்குள் உட்கார வைக்கும். சாயம் நூலுக்குள் போய்விடுவதால் துணியின் மேல் தோல் மாதிரி எதுவும் படிவதில்லை. வரைந்த பிறகும் அது மடங்கும், ஊசி போகும், காற்றில் ஆடும். துணி துணியாகவே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற பாதி யோசனைகள் இதிலிருந்து வந்தவைதான்.

என்ன துணி வாங்குவது?

துணிக்கடையில் போய் கெயின் பெலாச்சு என்று கேளுங்கள், வெளுக்காத பருத்தி. ஊரில் காடாத்துணி என்பார்கள். கெட்டியாக இருக்கும், விலை குறைவு, வண்ணம் நன்றாக ஏறும். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், இஸ்திரிச் சூட்டுக்குச் சுருங்கும், வண்ணமும் சரியாக ஒட்டாது.

வாங்கியதும் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்துவிடுங்கள், மென்மையாக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும், அது போகாமல் வண்ணம் உள்ளே இறங்காது. துவைத்துக் காய்ந்த துணி மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி, முத்து மாதிரி நின்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டும்.

எந்த வண்ணம் நல்லது? பள்ளிப் பிள்ளைகள் போஸ்டர் கலர் பரவாயில்லையா?

போஸ்டர் கலர் வேண்டாம், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். துணிக்கென்றே விற்கிற வண்ணம் நல்லது. அது கிடைக்காவிட்டால் சாதாரண அக்ரிலிக் வாங்கி, துணி மீடியம் என்று தனியாக விற்கிற திரவத்தைக் கலந்து தீட்டலாம். அளவு புட்டியிலேயே போட்டிருக்கும், நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். மீடியம் கலக்காத அக்ரிலிக் காய்ந்ததும் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகிவிடும், அதில் ஊசி குத்தினால் டப் டப் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே பூச்சு தடித்துவிட்டது என்று அர்த்தம்.

மெல்லியதாக ஒரு பூச்சு, காய விட்டு இன்னொரு பூச்சு. அடர்த்தி வேண்டுமென்றால் வண்ணத்தால் கொண்டுவராதீர்கள், நூலால் கொண்டுவாருங்கள். வானமும் மண்ணும் மரக்கூட்டத்தின் இருட்டும் வண்ணத்துக்கு, மரப்பட்டையும் தலைமுடியும் வேலிக்கம்பியும் நூலுக்கு. நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

தீட்டியதை ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, பின்பக்கத்திலிருந்து பருத்திக்கான சூட்டில், நீராவி இல்லாமல், ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் இஸ்திரி போடுங்கள், பெட்டியை நகர்த்திக்கொண்டே. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வாடை வரும். இதைச் செய்தால்தான் வண்ணம் நிலைக்கும்.

மெழுகால் வரைந்து சாயம் ஏற்றுகிற பாத்தேக் முறையில் செய்யலாமா?

தாராளமாக. மெழுகு நீர் புகவிடாது, சாயம் மெழுகில்லாத இடத்தில் மட்டும் ஏறும். பினாங்கில் சுவா தியன் தெங் என்ற ஓவியர் 1950களிலேயே பாத்தேக்கைச் சாரோங்கிலிருந்து எடுத்து ஓவியமாக்கிக் காட்டினார். மலேசியப் பட்டறைகளில் சாயம் தீட்டிய பிறகு சோடியம் சிலிகேட் பூசி நிலைநிறுத்துவார்கள், பிறகு கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள். சாயப்பொடியைக் கையாளும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வீட்டில் மெழுகைக் காய்ச்சப் பயமாக இருந்தால் கண்டும் மாவு, அதாவது கோதுமை மாவு, இருக்கிறதே. மாவும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, கட்டியில்லாமல் துணியில் பூசி, இரவு முழுக்கக் காய விடுங்கள். மறுநாள் அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். கையால் கசக்கினால் வெடிப்பு விழும். அந்த வெடிப்பில் கறுப்புத் துணி வண்ணத்தைத் தேய்த்து, காய்ந்த பிறகு ஊறவைத்துச் சுரண்டி எடுத்தால், பட்டுப்போன மண் மாதிரி, பழைய சுவர் மாதிரி கோடுகள் கிடைக்கும். என் துணியில் லயத்துச் சுவர் அப்படி வந்ததுதான். பலகைச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் போட்டால் என்ன, இயற்கை நிறம்தானே?

மஞ்சள் அழகாக ஏறும், ஆனால் வெயிலுக்கு நிற்காது. சன்னல் பக்கம் மாட்டினால் சில மாதங்களிலேயே வெளுக்கும். சோப்பு பட்டால் சிவக்கும், சுண்ணாம்பு சேர்த்து ஆலம் கரைக்கிறோமே, அதே மாற்றம்தான். நிறம் மங்கினாலும் பரவாயில்லை என்று நினைக்கிற இடத்தில் மட்டும் போடுங்கள்.

முதலில் தீட்டுவதா, முதலில் தைப்பதா?

எல்லாரும் தடுமாறுகிற இடம் இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேல்துணியை மட்டும் தனியாக விரித்து, பெரிய வண்ணங்களை முதலில் தீட்டி, சூடு போட்டு முடித்துவிடுங்கள். அடுத்து துணித்துண்டுகளை வெட்டி வைக்கிற வேலை. இருபக்கமும் ஒட்டுகிற தாள் கிடைக்கிறது, அதை வைத்து இஸ்திரி போட்டால் துண்டு நகராது. ஆனால் பெரிய துண்டு முழுக்க ஒட்டாதீர்கள், ஓரத்தில் விரல் அகலம் போதும். முழுக்க ஒட்டினால் அட்டை மாதிரி விறைக்கும். பிறகுதான் மூன்று அடுக்கையும் சேர்ப்பது. பஞ்சு விரிப்பும் அடித்துணியும் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் பெரிதாக இருக்கட்டும், மேல்துணியையும் தேவைக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டே தீட்டுங்கள். நெருக்கமாகத் தைக்கத் தைக்கத் துணி சுருங்கும். நான்கடி என்று அளந்து தீட்டியது தையல் முடிந்ததும் நான்கடி இருக்காது. எனக்கு முதல் துணியில் ஓரத்து மரம் ஒன்று பாதி காணாமல் போனது.

அடுக்கியதை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தியோ, பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டோ நிறுத்துங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பி நிற்கும், அதை எந்த இஸ்திரியும் சரி செய்யாது.

தைத்த பிறகு மறுபடி தீட்டலாமா என்றால், தீட்டலாம், நான் செய்வதே அதுதான். தையல் விழுந்த இடத்தில் பள்ளமும் மேடும் வந்திருக்கும். காய்ந்த தூரிகையில் வெள்ளையை எடுத்து, முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மேட்டின் மேல் மட்டும் லேசாக இழுத்தால் விடியல் வெளிச்சம் பட்ட மாதிரி இருக்கும். பால்மரக் காட்டில் அந்த நேரத்தில் வெளிச்சம் பக்கவாட்டில்தான் வரும், வரிசைக்கு வரிசை கோடாக. அதை வண்ணத்தால் மட்டும் பல முறை முயன்று பார்த்தேன், வரவில்லை. தையல் மேட்டில் தூரிகை பட்டபோதுதான் வந்தது. அன்றைக்குக் கடையை அடைக்கவே மனம் வரவில்லை எனக்கு.

நடுவில் இலவம் பஞ்சு வைக்கலாமா?

கெகாபு தலையணைக்கு நல்லது, இதற்கு ஆகாது. ஓரிடத்தில் நிற்காமல் உருண்டு கட்டிகட்டியாகிவிடும். பஞ்சு விரிப்பு கடையில் கிடைத்தால் பருத்தியில் மெல்லியதாக வாங்குங்கள். கிடைக்காத ஊரில் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் போர்வையோ ஃபிளானல் துணியோ போதும். நம் ஊர் சூட்டுக்குக் கதகதப்பு யாருக்கு வேண்டும், தையலுக்கு மேடு பள்ளம் வந்தால் சரி.

என்னிடம் பழைய மிதி மெஷின்தான் இருக்கிறது. முடியுமா?

முடியும். நினைத்த பக்கம் வளைத்துத் தைக்க வேண்டுமென்றால், அடியில் துணியை இழுக்கும் பற்கள் இழுக்கக் கூடாது. புது மெஷினில் அதைக் கீழே இறக்கத் திருகு இருக்கும். உங்கள் மெஷினில் இறங்காவிட்டால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பற்களின் மேல் ஒரு மெல்லிய அட்டையை, ஊசி போக ஓட்டை போட்டு, ஒட்டிவிடுங்கள். தையற்காலுக்குப் பதிலாகக் கிழிசல் தைக்கிற கால் ஒன்று விற்கிறார்கள், அதை மாட்டுங்கள். இனி துணியை நகர்த்துவது உங்கள் கை மட்டும்தான். மெஷின் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தையல் பொடிப்பொடியாக விழும், கை வேகமாகப் போனால் நீளமாக விழுந்து ஊசி வளையும். இரண்டும் ஒத்துப்போக ஒரு வாரம் வீண்துணியில் பழகுங்கள். உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள், கோலப் புள்ளி வைத்து இழுத்துப் பாருங்கள். சிக்குக்கோலம் போடத் தெரிந்த கைக்கு இது சீக்கிரம் வந்துவிடும், நூலை அறுக்காமல் வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வருவதுதான் இரண்டிலும் வேலை.

கை வழுக்கினால் ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள், பிடிப்பு நன்றாக இருக்கும்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, ஊசியும் உடைகிறது. ஏன்?

வண்ணம் பூசிய துணி ஊசியைச் சீக்கிரம் மழுக்கும். 90/14 ஊசி போடுங்கள், காது பெரிதாக உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. எட்டு மணி நேரம் தைத்ததும் மாற்றிவிடுங்கள், உடையும் வரை காத்திருக்க வேண்டாம். மேலே 40 எண் நூல், பாபினில் அதைவிட மெல்லிய 60 எண் நூல். எண் கூடினால் நூல் மெலியும், பலர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். அப்படியும் அறுந்தால் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வண்ணம் தடித்துவிட்டது, வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்னொன்று, பூச்சு விழுந்த துணியில் தையலைப் பிரித்தால் ஊசி ஓட்டை மூடாது. வெறும் பருத்தியில் நகத்தால் நீவினால் மறைகிற ஓட்டை இதில் அப்படியே நிற்கும். அதனால் வீண்துணியில் ஒத்திகை பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

மெஷினே இல்லை. கையால் மட்டும்?

கையால் தைத்த துணிக்கு ஒரு மென்மை வரும், மெஷினில் அது கிடைக்காது. ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், இந்த மூன்று போதும். என் துணியிலும் முகங்களை மெஷினில் தைக்கவில்லை. நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ரப்பர் பாலை நேரடியாகத் துணியில் பயன்படுத்தலாமா?

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள், எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஓவியர்கள் தாளில் வெள்ளையை மறைத்து வைக்கப் பூசுகிற திரவமே ரப்பர் பாலில் செய்வதுதான், தாளிலிருந்து அழகாக உரிந்து வரும். துணியில் அப்படி உரியாது. பால் இழைக்குள் இறங்கிக் காய்ந்துவிடும், வேலைக்காட்டுச் சட்டையைத் துவைத்தவர்களுக்கு இது தெரியும். போதாததற்கு, ரப்பர் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பாகி, பிசுபிசுத்து, கடைசியில் நொறுங்கும். மரத்திலேயே உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலும் அப்படித்தான்.

இலையைப் பயன்படுத்துங்கள். பால்மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். கிழியாத இலைகளைப் பொறுக்கி, வாளித் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு, சதை அழுகியதும் மெல்லிய பல் துலக்கியால் நீவினால் நரம்பு மட்டும் சல்லடை மாதிரி நிற்கும். நாற்றம் பொறுக்காதவர்கள் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைக்கலாம், சீக்கிரம் ஆகும், கையுறை கட்டாயம். கழுவி, காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். ஜெல் மீடியம் என்று விற்கிற அக்ரிலிக் பசையைக் கொஞ்சம் தடவித் துணியில் பதித்து, மேலே மெல்லிய வலைத்துணியைப் போர்த்தி, சுற்றிலும் தையுங்கள். நேராக இலையின் மேல் தைத்தால் பிளக்கும். மூன்று இலை ஒரு காம்பில் இருக்கிற மாதிரியே வையுங்கள், பால்மரத்துக்கு அதுதான் அடையாளம்.

பழைய போட்டோ, பத்திரம் எல்லாம் வைத்துத் தைக்கலாமா?

நகலை வையுங்கள், அசலைத் தொடாதீர்கள். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளிகள் தாங்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். அந்தச் சங்கத்துப் பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருக்கிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அப்படிப்பட்ட காகிதத்தில் ஊசி படக்கூடாது.

லேசர் அச்சிலோ நகல் எடுக்கும் கடையிலோ ஒரு பிரதி எடுங்கள், மை தெளிக்கிற அச்சு கரைந்துவிடும். துணியில் ஜெல் மீடியம் தடவி, அச்சிட்ட பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டி, ஒரு நாள் காய விடுங்கள். பிறகு காகிதத்தின் முதுகை நனைத்து விரலால் உருட்டி உருட்டி எடுத்தால் காகிதம் போய்விடும், படம் துணியில் தங்கும். எழுத்து இருந்தால் நகல் எடுக்கும்போதே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அப்பாவின் பெயர் இடவலம் மாறி வந்து நிற்கும்.

அம்மாவின் வேலைக்காட்டுச் சட்டை இருக்கிறது. வெட்ட மனம் வரவில்லை.

வரவில்லையென்றால் வெட்ட வேண்டாம். நான் எடுத்துவைத்த சட்டையை இரண்டு வருடம் வெட்டவில்லை. பால் கறை பட்டுத் தோள் விறைத்துப்போயிருந்தது, காலர் ஓரம் நைந்திருந்தது, வலக்கை மடிப்பில் கறுப்பாக ஒரு திட்டு. அதை முகர்ந்து பார்ப்பேன், மடித்து வைத்துவிடுவேன். கடைசியில் தங்கைகளோடு உட்கார்ந்து பேசி, முதுகுப் பகுதியை மட்டும் வெட்டுவது என்று முடிவு செய்தோம். பொத்தான் வரிசையும் பையும் முன்பக்கமும் அப்படியே இருக்கிறது, அது தங்கையிடம்.

உங்களுக்கு நான் சொல்வது: வெட்டும் முன் சட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள், கூடப் பிறந்தவர்களைக் கேளுங்கள், உள்மடிப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுங்கள். கறையைத் துவைத்துப் போக்காதீர்கள், அதுதானே அவர்களுடைய உழைப்பு. பால் விறைத்த இடத்தில் மெஷின் ஊசி சிக்கும், அந்தத் துண்டை நடுவில் தைக்காமல் ஓரத்தை மட்டும் கையால் மூடித் தையுங்கள். அதன் மேல் வண்ணம் போடாதீர்கள். வெட்டவே கூடாது என்று தோன்றினால் முழுச் சட்டையையும் துணியின் மேல் வைத்து, காலரிலும் கைகளிலும் நாலு தையல் மட்டும் போட்டு நிறுத்தலாம், பிறகு வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம்.

சாமி படம் வைக்கலாமா?

சுவரில் மாட்டுவதென்றால் வைக்கலாம். உட்காருகிற, படுக்கிற, மிதிக்கிற எதிலும் வேண்டாம்.

எனக்கு வரையவே வராதே?

போட்டோவைப் பெரிதாக நகல் எடுத்து, சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியைப் பிடித்துப் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மறையும் பேனா வாங்கினால் அழித்த பிறகே இஸ்திரி போடுங்கள், சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும்.

கையைவிடக் கண்தான் முக்கியம். பால்மரத்தின் வெட்டை எத்தனையோ பேர் வலமிருந்து இடமாக இறக்கி வரைந்திருக்கிறார்கள். மரத்தை நேராகப் பார்த்து நின்றால் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்று வலமாகச் சாய்ந்து ஏறுவதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும், பால் கூடும். பால் பிடிக்கிற கோப்பையான மங்கு அந்தச் சரிவின் முடிவில் இருக்கும். இதை மாற்றி வரைந்த துணியை ஒரு பாட்டி பார்த்துவிட்டு, "இந்த மரத்துல யாரும்மா பால் எடுத்தா?" என்று கேட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து அந்தத் தையலைப் பிரித்து மாற்றினோம், ஓட்டைகளை மறைக்கப் பட்டை மேல் பழுப்பு நூல் கூடுதலாக ஓட்டினோம். மரம் முன்னைவிட நன்றாக வந்தது.

முடித்ததை எப்படி மாட்டுவது?

ஓரத்தைச் சமமாக வெட்டி, இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்துச் சுற்றிலும் அடியுங்கள். பின்பக்கம் மேலே நான்கு அங்குல அகலத்தில் குழல் மாதிரி ஒரு துணி தைத்து, அதில் கம்பைச் செருகி மாட்டுங்கள். ஆணியில் இரண்டு மூலையை மட்டும் மாட்டினால் நடுவில் தொய்ந்துவிடும்.

பூஞ்சை பிடிக்கிறதே, என்ன செய்வது? துவைக்கலாமா?

துவைக்காதீர்கள். தூசி என்றால் வலைத்துணியை மேலே விரித்து, தூசி உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் வைத்து எடுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும்தான் பெரிய எதிரிகள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் குளிர்ந்து வியர்க்கும். துணிக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போக விரல் இடைவெளி இருக்கட்டும். நேர் வெயில் படக்கூடாது. எடுத்து வைப்பதென்றால் மடிக்காமல், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பழைய பருத்திச் சேலையில் பொதியுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் பூச்சு சுருங்கி மடிப்பு விழும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை வரும், நான் ஒரு துணியை அப்படி இழந்திருக்கிறேன்.

கஞ்சி போட்ட துணியையும் மாவு சரியாகப் போகாத துணியையும் பூச்சி தேடி வரும். மாவு வேலை செய்தால் இரண்டு முறை அலசுங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு செய்யலாமா?

ஆளுக்கு ஒரு சாண் சதுரம் கொடுங்கள். துணி வண்ணமும் உருளைக்கிழங்கு அச்சும் போதும், ஊசியைப் பெரிய பிள்ளைகளிடம் மட்டும். பாட்டி வீட்டிலிருந்து ஒரு துணித்துண்டும் அது யாருடையது என்ற விவரமும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த விவரம் கேட்கத்தான் பாதி நேரம் போகும், போகட்டும்.

விற்பீர்களா?

சுவரில் இருப்பதை மாட்டேன். கேட்டுச் செய்து தருகிறவற்றுக்கு நேரத்தைக் கணக்குப் போட்டு விலை சொல்கிறேன், துணி விலையை வைத்துச் சொல்வதில்லை. நான்கு மாதம் உட்கார்ந்து தைத்ததை ஒரு சுடிதார் கூலிக்குக் கொடுக்காதீர்கள், அடுத்துச் செய்ய வருகிற பெண்ணுக்கும் அந்த விலைதான் கிடைக்கும்.

பின்பக்கம் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன?

பெயர்ச்சீட்டு. ஒவ்வொரு துணிக்கும் அவசியம் தைத்துவிடுங்கள். அழியாத பேனாவால் வெள்ளைத் துணியில் எழுதி, சூடு போட்டு, பின்பக்கம் கீழ் மூலையில் தைப்பது. செய்தவர் பெயர், ஆண்டு, ஊர், என்னென்ன பொருள், யாருடைய துணி எந்த இடத்தில் இருக்கிறது. நாளைக்கு யாராவது பழுது பார்க்க எடுத்தால் எது அக்ரிலிக், எது மாவு வெடிப்பு, எதில் தண்ணீர் படக்கூடாது என்று தெரிய வேண்டுமே. என்னுடையதில் அம்மாவின் பெயர், அவர் பால் வெட்டிய தோட்டத்தின் பெயர், வேலைக்குப் போன ஆண்டு, நின்ற ஆண்டு எல்லாம் இருக்கிறது. அந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனை, எண்ணெய்ப் பனைத் தோட்டம். சட்டைத் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது மரம், அதன் அடியில் குனிந்திருக்கிற பெண்ணின் முதுகு.